பேசிப் பழகு

சான் லாசரோ, கொலம்பியா
மார்ச் 13, 1997

அன்புள்ள ஹஸிந்தாவுக்கு,

உன் கட்டிலில் உட்கார்ந்து, உன் ஸ்பானிஷில் எழுதுகிறேன். இதை நீ என் கட்டிலில் உட்கார்ந்து படிப்பாய் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடம் நம் இருவரையும் ஓராண்டுக்கு வீடு மாற்றி வைத்ததில் லாபம் எனக்குத்தான். உன் அம்மா தினமும் சோள அடை சுட்டுத் தருகிறார். உன் அப்பா நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார். நேற்று, "பசிக்குது" என்று நினைத்து, ஓர் எழுத்து மாறிப்போய், "நான் ஒரு ஆம்பள" என்று சொல்லிவிட்டேனாம். "அப்ப வா தம்பி, பால் கறக்கலாம்" என்றார்.

"புத்தகத்தை மூடு, தினம் ஒருவரிடமாவது பேசு" என்று எழுதியிருந்தாயே. அப்படியே செய்கிறேன். பள்ளி விட்டதும் பூங்கா எதிரில் லிகியா அம்மாவின் பழச்சாற்றுக் கடைக்குப் போகிறேன். அங்கே எல்கின் என்று ஒருவர். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பார். என்னை "வெள்ளச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். என் வாக்கியங்களைப் பொறுமையாகத் திருத்துகிறார். ஊரில் அவருக்கு அவ்வளவு மரியாதை. லிகியா அம்மா அவரிடம் காசே வாங்குவதில்லை.

என் அம்மா உன்னைக் குளிரில் விடாமல் பார்த்துக்கொள்கிறாளா?

உன் அன்புத் தோழி,
பிலிப்பா

*

வின்டன், நியூசிலாந்து
ஏப்ரல் 4, 1997

அன்புள்ள பிலிப்பா,

உன் எழுத்து நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழச்சாற்றுக் கடையைப் பற்றி ஒரு பத்தி, என் அம்மாவைப் பற்றி ஒரு வரியா? அவள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வெளியூர் போகும்போது தனியாகப் போகிறாரா? எழுது.

உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மொழி தவிர. உன் அம்மாவிடம் "இன்னும் உருளைக்கிழங்கு இருக்கா?" என்றால், "ஆமா, இல்ல" என்கிறாள். இருக்கிறதா இல்லையா? உன் அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, இல்ல, அது அப்படித்தான்" என்றார். விடிகாலையில் ரப்பர் பூட்சுக்குள் கால் மரத்துப்போகிறது. ஆனாலும் இங்கே ராத்திரி யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அது எனக்கு இன்னும் பழகவில்லை.

லிகியா அம்மா கடையில் உட்காருகிறவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்கின் என்று யாரும் இல்லையே. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டாயா?

முத்தங்களுடன்,
ஹஸிந்தா

*

சான் லாசரோ
ஏப்ரல் 29, 1997

அன்புள்ள ஹஸிந்தாவுக்கு,

நீ கேட்டதாகச் சொல்லி எல்கினிடம் கேட்டேன். "மலைப் பக்கம்" என்றார். "யாரு கேக்கச் சொன்னது?" என்றும் கேட்டார். உன்னைப் பற்றி, நீ எங்கே இருக்கிறாய் என்று எல்லாம் சொன்னேன். "தூரமா இருக்கா. நல்லது" என்றார்.

அம்மாவின் முழங்கால் தேவலை. மழையில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது, ஊரில் யாருக்கும் தொலைபேசி இல்லை. அதனால் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே என்று சொல்லச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் உன் அப்பாமேல் எனக்கு வருத்தம். பால் பண்ணைக்காரர் மகளாக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் உன் அம்மா மெதுவாக, "எல்லாரும் குடுக்கறாங்க, ஆன்செல்மோ. நாமளும் குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்" என்றார். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, "தடுப்பூசிக்கு என் கையால ஒத்தக் காசு குடுக்க மாட்டேன், ரூத். பட்டாளத்து ஆபீசுல போய்ச் சொல்லத்தான் போறேன்" என்றார். மாடுகளுக்குத் தடுப்பூசி போடாமல் இருக்கலாமா? எங்கள் பக்கத்தில் அது குற்றம்.

மறுநாள் எல்கினிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "அப்படியா சொன்னாரு? அதே வார்த்தையிலயா?" என்றார். ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. அன்றைக்கு உன் அப்பாவையே உதாரணமாக வைத்துக் கேள்விச் சொற்களில் பயிற்சி கொடுத்தார். எங்கே, எப்போது, யாருடன். "ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் ஆற்றோரப் பாதையில் கீழ்ப் பண்ணைக்குப் போகிறார். தனியாகப் போகிறார்" என்று முழு வாக்கியங்களில் பதில் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை என்றார்.

அடுத்த நாள் நான் போனதும் லிகியா அம்மா, "ஜூஸ் தீந்துபோச்சு. வீட்டுக்குப் போ, பொண்ணு. நாளைக்கும் வராத" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கூடை நிறையப் பழம் இருந்தது. என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

அன்புடன்,
பிலிப்பா

*

வின்டன்
மே 20, 1997, செவ்வாய்

பிலிப்பா,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. இதைக் கவனமாகப் படி.

மாட்டுக்குப் போடுவதும் எங்கள் ஊரில் தடுப்பூசிதான். மலையில் துப்பாக்கியோடு இருப்பவர்கள் ஊரில் பண்ணை பண்ணையாக வாங்கும் பணத்துக்கும் அதே பெயர்தான். கொடுத்தால் நோய் அண்டாது. நோய் அவர்கள்தான். அப்பா சொன்னது மாட்டைப் பற்றி இல்லை.

இனி அந்த ஆளிடம் ஒரு சொல்கூடப் பேசாதே. வணக்கம்கூட வேண்டாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவர் கத்துவார், கத்தட்டும். வியாழக்கிழமை அவர் எங்கேயும் போகக் கூடாது. வண்டிச் சாவியை எடுத்து ஒளித்து வை.

வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், மணியே போகவில்லை. நகரத்தில் சித்தப்பாவைப் பிடித்துவிட்டேன். மழையில் அடைபட்ட பாதை திறந்தால் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்கிறார். சனிக்கிழமை என்கிறார், பிலிப்பா. உன் அப்பா இந்தக் கடிதத்தை இப்போதே விமானத் தபாலில் சேர்க்க இன்வர்கார்கிலுக்கு வண்டி எடுக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபமா என்று இப்போது கேட்காதே.

ஹஸிந்தா

*

சான் லாசரோ
மே 22, 1997, வியாழன்

அன்புள்ள ஹஸிந்தாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. பால் கறக்கிறவளுக்கு எழுத நேரம் இல்லையா?

இதை லிகியா அம்மா கடையில் இருந்து எழுதுகிறேன். இன்று ஏதோ பண்டிகை, பள்ளி விடுமுறை. புதுக் கன்றைப் பார்க்க என்னையும் கீழ்ப் பண்ணைக்கு அழைத்துப் போவதாக உன் அப்பா சொல்லியிருந்தார். ஆனால் நேற்று எல்கின், "நாளைக்கு அவரோட வண்டியில ஏறாத, வெள்ளச்சி. காலைல இங்க வந்து உக்காரு. உனக்குப் பாடம் இருக்கு" என்றார். பாடத்தை விட மனம் வரவில்லை. தலைவலி என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "படுத்துக்கோ தம்பி, கன்னு எங்கயும் ஓடிப்போவாது" என்றார். சற்று முன் இந்தப் பக்கமாகத்தான் வண்டி போனது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எல்கின் இன்னும் வரவில்லை. மோட்டார் சைக்கிளையும் காணோம். கடையில் நானும் லிகியா அம்மாவும்தான். அவர் என்னைப் பார்க்காமல் அதே மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றைய பாடத்தை அதற்குள் எழுதிப் பார்க்கிறேன். "போகிறார்" என்று நான் சொன்னதும் அவர் நிறுத்தினார். "போறாருன்னு சொல்லாத. போயிட்டிருந்தாருன்னு சொல்லு." இன்னும் போகிறாரே என்றேன். "நீ சொல்லிப் பழகு" என்றார்.

உன் அப்பா வியாழக்கிழமைதோறும் ஆற்றோரப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்.

பிழையில்லாமல்தான் வருகிறது. ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என்றும் உன்,
பிலிப்பா