தோணாத் தவளைகளும் வாப்பா கழுவிய தண்ணீரும்

என்ட செல்ல வாப்பா,

விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில், வீட்டுப் பின்வளவில், கடலுக்குப் போகும் நம் தோணா வாய்க்காலுக்குள் காலை விட்டபடி நீங்கள் பழைய பெட்டரிகளின் ஈயத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். மழை பெய்தது, நீங்கள் நனையவில்லை. சுற்றிவரத் தவளைகள் தலையை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

முந்தி மாரி பிறந்தால் என்ன சத்தம்! "இதுகள் பாங்கக்கூடக் கேக்க விடுதுகளில்ல" என்று ஏசுவீர்கள். பெட்டையைக் கூப்பிட ஆண்தவளைதான் கத்தும், வாப்பா. இந்த மாரிக்கு அங்கொன்று இங்கொன்றுதான் கேட்கிறது.

கெம்பஸில் நான் தவளைகளைத்தான் ஆராய்கிறேன். நம் பின்வளவில் பிடித்த ஆண்தவளையின் விந்தகத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே முட்டைகள். அடுத்த தவளையிலும் அப்படித்தான். சேற்றில் ஈயம் நிறையக் கிடக்கிறது. வாலோடு குஞ்சாக நீந்தும்போதே அது உடம்புக்குள் போனால், ஆணாக வளர வேண்டியது பாதி வழியில் தடுமாறிவிடும்.

"கழுவின தண்ணியத் தோணாவில ஊத்தலாமா வாப்பா?" என்று ஒருநாள் கேட்டேனே, நினைவிருக்கிறதா? தொழுகைக்கு ஒளுச் செய்யும் தண்ணீரில் அத்தனை பேணுதலான நீங்கள் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தீர்கள். "நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசியும் மாறியிராது. ஓடுற தண்ணி மகள், சுத்தம்தான்." கரைந்த ஈயம் அந்த மூன்றிலும் பிடிபடாது வாப்பா. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

நீங்கள் கண்மூடிய பிறகு இப்போது தம்பி கழுவுகிறான். ஈயத்தைப் பற்றிச் சொன்னதும் சீறினான்: "வாப்பா கழுவின இடம் ராத்தா. மௌத்தானவரக் குத்தவாளியாக்கப் போறியா?"

அல்லாஹ்வே! இந்த இடத்தை ஆய்வில் எழுதாமல் விட்டாலென்ன என்று மூன்று நாள் தவித்தேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தானே மீன்குஞ்சு பிடிக்கிறார்கள்?

ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் பெண்பிள்ளைக்கென்று என் பெயரில் எழுதித் தந்தீர்கள். பெட்டரி வேலையில் கட்டிய வீடுதான். அதை வைத்தே நேற்றுப் பின்னேரம் அஸருக்குப் பிறகு தம்பியிடம் சொன்னேன்: "வளவு என்ட பேரில இரிக்கி. இனி ஒரு சொட்டும் ஊத்தப்படாது."  பொழுதுபட்டு மஃரிபு ஆகுமுன் தகடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தவளை பிடித்த இடம் என்ற கட்டத்தில் 'எங்கள் வீட்டுப் பின்வளவு' என்று எழுதிவிட்டேன். கோபமா வாப்பா?

ஒவ்வொரு மாரிக்கும் பின்கதவைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாங்குச் சத்தத்தை மூடுகிற அளவுக்குத் தவளைகள் கத்துகிற அன்று, உங்களுக்காக யாசீன் ஓதிவிட்டுச் சொல்வேன்: இப்பதான் வாப்பா, தண்ணி சுத்தம்.

நீங்கள் வளவு எழுதிக் கொடுத்த
மகள்