லைட் பிடிச்ச கை

மச்சி,

வெட்கக்கேடு, உனக்கு மட்டும் சொல்கிறேன். ஊரெல்லாம் என்னைப் போட்டோக்காரி என்கிறது. ஃபோனில் அந்தச் சின்ன எல்.ஈ.டி. லைட்டைப் பூட்ட எனக்கு இன்னும் தெரியாது. இன்று காலையும் திருப்பிப் பூட்டி, என் மூக்குக்கே வெளிச்சம் அடித்தேன். கழற்றும்போதுதான் கண்டேன், கிளிப்பில் உன் மருதோன்றிக் கறை. ஈரக் கையோடு பிடிக்காதே என்றேன். கேட்டாயா?

கலியாண வீடுகளில் ஆம்பிளைகள் படமெடுக்க நுழையாத பொண்டுகள் பக்கம் நம் இருவருக்கும்தான். நான் ஃபோன், நீ லைட். "கொஞ்சம் உசத்துகா, பொண்ணுட கண்ணுக்குக் கீழ கறுப்பு விழுது" என்பேன். "அது லைட்டால இல்ல, மாமியக் கண்டதால" என்பாய். நான் சிரிக்க, படம் ஆடிப்போகும்.

உன்னை ஒன்று எடுக்க விட்டாயா? ஃபோனைத் திருப்பினால் லைட்டை என் கண்ணில் அடிப்பாய். "என்ட மகள்ட கலியாணத்துல லைட்ட ஆருக்கும் குடுத்துட்டு, நான் பொண்ணுக்குப் பக்கத்துல நிப்பன். அப்ப எடு." நல்ல பேச்சு. அதற்குள் மௌத்தாகி மண்ணுக்குள் போனாய்.

போன கிழமை உன் மகள் கேட்டாள், "உம்மாட போட்டோ ஒண்டும் இல்லயா மாமி?" ஃபோன் முழுக்கத் தேடினேன். ஒரு மணப்பெண்ணின் அலுமாரிக் கண்ணாடியில் வெள்ளையாய் ஒரு வெளிச்சம். அதற்குப் பின்னால் நீ. அதைத்தான் அனுப்பினேன்.

இன்று அவளுக்குக் கலியாணம். அவளுக்கென்று நீ மண் சுமந்து கட்டின வீட்டில்தான். உன் புருஷன் சம்மாந்துறையிலிருந்து புதுப் பெண்சாதியோடு விருந்தாளி மாதிரி வந்தார். மார்க்கம் தடுக்காததை நான் தடுக்கவா? ஆனால் அந்தப் புதுப் பெண்சாதி நேரே போய், பொண்ணுக்குப் பக்கத்தில், உன் இடத்தில் நின்றாள். "லைட்ட நல்லா அடிங்க ராத்தா, என்ட முகம் இருட்டா வந்துரும்." உன் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"உங்கட முகத்துக்கு லைட் பத்தாது தங்கச்சி, கரண்ட் ஒபிசுக்குச் சொல்லணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எடுத்தேன். பிடிக்க ஆளில்லாத லைட் கிளிப்போடு வழுகி, முன்னால் இனிப்புக்கு வைத்திருந்த வட்டலாப்பச் சட்டிக்குள் விழுந்தது. படத்தில் எல்லாரும் இருட்டு.

எடுத்துத் துடைத்தேன், உன் கறையை மட்டும் விட்டு. பையில் இருக்கிறது. இன்னும் எரிகிறது.

வட்டலாப்பத்தை மேலே தட்டிச் சரியாக்கி, மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்தார்கள். இனிப்பு அளவாக இருக்கிறது என்றார்கள்.