கூலருக்குள் நின்ற ராணி

என்னைக் கண்டாலே குட்டுவதற்கு வலது கை தானாக எழும்பும் என் வசந்தி அக்காவுக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கூலரில்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மூன்று நாள் விடாமல் கேட்டாயே, "மரப்பாச்சி ராணியை எங்கடி ஒளிச்சு வச்ச?" என்று, அதற்கான விடை. பின் வராந்தாவில் பழைய போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த நம் வீட்டுக் கூலருக்குள், மோட்டாருக்குப் பின்னால். நீ தலை துவட்டிய துண்டைத் தினமும் அதன் மேல்தான் காயப்போட்டாய். துண்டுக்கு ஒரு முழம் கீழே ராணி நின்றிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

ஏன் ஒளித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. வழக்கமான குரங்குச் சேட்டை என்று நினைத்திருப்பாய். இல்லை அக்கா. போன வருஷம் கொலுவுக்கு வந்த மாமி ஒருத்தரிடம் அம்மா சொன்னாள், "அடுத்த கொலுவுக்கு இந்த ஜோடி வசந்தியோட அவ புருஷன் வீட்டுக்குப் போயிடும்" என்று. உன் ஜாதகம் அப்போது வேலூர், ஆம்பூர், ஆரணி என்று நம் சொந்தக்காரர்களைவிட அதிகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டேன். ராணி இல்லாவிட்டால் ஜோடி இல்லை, ஜோடி இல்லாவிட்டால் சீர் நிறையாது, சீர் நிறையாவிட்டால் அம்மா உன்னை அனுப்ப மாட்டாள். பத்தாவது படிக்கிறவள் போடுகிற கணக்கா இது? என் கணக்கு மார்க் உனக்குத்தான் தெரியுமே.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்த பிறகு ராஜாவையும் ராணியையும் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்ததாகக் கணக்கு. அம்மா திரும்பினால் ராணி இல்லை. "எந்தக் கழுதை எடுத்தது?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"ஏய் குரங்கே, குடுத்துடு."

"நக்கோ, மாட்டேன் போ. தேடிக் கண்டுபிடி."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே ராஜாவை மட்டும் ஒற்றையாகப் படுக்க வைத்தாள்.

தீபாவளி முடிந்து உன் கண்கள் மஞ்சளானபோதும் எனக்கு வாய் அடங்கவில்லை. "என்னக்கா, உனக்கு ரெண்டாவது தடவை மஞ்சள் நீராட்டா?" என்றேன். நீ சிரித்தாய். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். அந்த ஜோக்கை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது, சொல்.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பொழுது போகவில்லை. "கைக்குடி, ஏன்டி இப்படிப் படுத்தற? சொல்லித்தொலை, எங்க இருக்கா?" என்றாய். "வீட்டுக்கு வா, காட்டறேன்" என்றேன். மறுநாளும் அதையே கேட்டாய், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் உன் குரல் தேய்ந்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் நீ வீட்டுக்கு வருவதற்கு இருந்த ஒரு காரணம் போய்விடுமே என்று பயந்தேன்.

நான்காம் நாள் நீ கேட்கவில்லை.

உன் மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ராஜா மட்டும் கிடந்தான். அதுவரை அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவனைக் கையில் எடுத்து, "அவதான் ராணியைக் கூடக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா" என்று சொல்லி அழுதாள். அழுது முடித்து ஒரு கை ரசம் சாதம் சாப்பிட்டாள். ஐந்து நாளில் முதல் சாப்பாடு. அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "ராணி கூலரில் இருக்கிறாள்" என்று எப்படிச் சொல்ல?

நம் அப்பா ராணுவத் தளவாட பாக்டரியில் என்ன செய்கிறார் என்று காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ரகசியம் காப்பது நம் குடும்பத் தொழில். நானும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

பிறகு வெயில் வந்தது. வழக்கமாகக் கூலரின் பக்கவாட்டுப் புல் தட்டியை மாற்றும்போது நீதான் அப்பாவுக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பாய். இந்த வருஷம் அவர் எதையும் பிரிக்கவில்லை. கூலரை ஜன்னலோரம் தள்ளினார், தண்ணீர் ஊற்றினார், சுவிட்சைப் போட்டார். மறுநாள் காலை கூலருக்கு அடியில் சிவப்பாகத் தண்ணீர் சொட்டிக் கிடந்தது.

"துரு" என்றார் அப்பா.

செம்மரம் நனைந்தால் சாயம் விடும் என்று எனக்குச் சொன்னதே நீதான். அந்தக் கோடை முழுக்கத் தினமும் நான்தான் அந்தச் சிவப்பைத் துடைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் குளிர்காற்று அடித்தது, எனக்கு மட்டும் வேர்த்தது. அவளை வெளியே எடுக்க எத்தனை தரம் கையை நீட்டியிருப்பேன்! எடுத்தால் நீ தோற்றதாக ஆகிவிடும். நீ வந்து கண்டுபிடிக்க வேண்டியவள் அல்லவா?

நவராத்திரி நெருங்கியது. "இந்த வருஷம் கொலு கிடையாது" என்றாள் அம்மா. "ஆனா பொம்மைங்களை அப்படியே போட்டா கரையான் தின்னுடும். எடுத்துத் தொடைச்சுத் திரும்பக் கட்டி வை." உன் வேலை என் தலையில் விழுந்தது. நான் இதுவரை பொம்மைகளை ஒளிக்கத்தான் செய்திருக்கிறேன், துடைத்ததில்லை. செட்டியார் பொம்மையை ஈரத்துணியால் ஒரே இழுப்பு இழுத்தேன். மீசை மழுங்கச் சிரைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் செட்டியாரம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்காது. மண் பொம்மைக்கு உலர்ந்த பிரஷ்தான், மடிப்புகளுக்குக் காதுக்குச்சியில் பஞ்சுதான் என்று நீ தொண்டை கிழியச் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

அம்மா ராஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கொலு இல்லைன்னாலும் இந்த ஜோடியை மட்டும் ஒரு மணையில வைக்கலாம்னு நெனச்சேன். ஒத்தையா இவனை எப்படி வைக்கறது?" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ராஜாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அவள் சாயங்காலம்தான் திரும்புவேன் என்று கோயிலுக்குப் போனதும் கூலரைத் திறந்தேன்.

அக்கா, அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, நம் போர்வெல் தண்ணீரின் புண்ணியம். காலில் சாயம் முழுக்க இறங்கி, மரம் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருந்தது. பாசிமணி நூல் இற்று, மணிகள் சேற்றில் கிடந்தன. அம்மாவின் முகூர்த்தப் புடவைக் கிழிசலில் நீ தைத்த பச்சைப் பாவாடை, அவளுடைய சாயத்தையே குடித்துப் பழுப்பாகியிருந்தது. மரப்பாச்சியை மறப்பாச்சி ஆக்கிவிட்டேன்.

பழைய பல் பிரஷ்ஷால் உப்பைச் சுரண்டினேன். சீக்கிரம் காயட்டும் என்று சமையலறை ஜன்னல் வெயிலில் வைத்தேன். நீ இருந்திருந்தால் அங்கேயே குட்டியிருப்பாய். நனைந்த மரத்தை வெயிலில் வைக்கலாமா? மத்தியானத்துக்குள் உச்சந்தலையிலிருந்து மார்புவரை ஒரு விரிசல். என் கையிலேயே அவள் இரண்டாகப் பிளந்துவிடுவாள் போலிருந்தது. நான் அழுதுகொண்டு நிற்கும்போது, முதல் ஷிப்ட் முடிந்து அப்பா உள்ளே வந்தார்.

சைக்கிள் சாவியை ஆணியில் மாட்டினார். ராணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டியா பாப்பா?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"இருபது வருஷமா இரும்போட மாரடிக்கிறேன். துரு என்ன நிறம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் அம்மாவின் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டோம்.

அப்பா அவளை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, காற்றுப்படாத அலமாரியில் ஐந்து நாள் வைத்தார். பிறகு ராஜாவைக் கவிழ்த்து, அவன் அடிப்பாகத்தில் அரத்தால் மெல்ல ராவினார். காகிதத்தில் சிவப்பாக ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. "அதே மரத்துத் தூளா இருந்தாத்தான் நெறம் ஒட்டும்" என்று அதை வஜ்ரப் பசையில் குழைத்து விரிசலில் ஊசியால் அடைத்தார். காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தடவினேன். காலில் மட்டும் வெளுப்புப் போகவே இல்லை. விரிசலும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது.

பாவாடையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டேன். கசக்கவே இல்லை, சத்தியமாக. தூக்கும்போதே பட்டு விரலில் பிய்ந்து வந்தது. மிஞ்சியது கறுத்த சரிகைக் கரையும், அதை மடித்து நீ போட்ட தையலும்தான். உன் பச்சைத் தாவணியின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, அதில் அந்தக் கரையை வைத்துப் புதுப்பாவாடை தைத்தேன். உன் தையல் எறும்பு வரிசை. என்னுடையது எருமை வரிசை. தாவணியை வெட்டியதற்குத் திட்டாதே. வெட்டும்போது உன் வாசனை வந்தது, அதனால் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன்.

விஜயதசமி சாயங்காலம் அம்மா விளக்கேற்றி முடித்ததும் ராணியை அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூலர், சிவப்புத் தண்ணீர், ஜாதகக் கணக்கு, எல்லாம். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ உன்கிட்ட இதைக் கேட்டாளா?"

"கேட்டாம்மா. மூணு நாள்."

"அப்ப என் பொண்ணு வெறுங்கையோடயா போனா?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறந்தே ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் மணை இருந்தது. அதில் உன் கைக்குட்டையை விரித்தாள். ராஜாவைப் படுக்க வைத்தாள். ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவாடைக் கரையில் விரல் நின்றது.

"இது அவ தையல்."

"ஆமாம்மா."

"இது?"

"நான்."

"தெரியுது" என்றாள்.

பிறகு அவளை ராஜாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, "போன வருஷக் கொலு இன்னிக்குத்தான் முடிஞ்சுது" என்றாள். அப்பாவிடம்தான் சொன்னாள்.

இன்றோடு ஆறு நாள். அம்மா என்னோடு இன்னும் நேராகப் பேசவில்லை. சாப்பிட வா, ஜடை போட வா, அவ்வளவுதான். அவளுடைய ஒரே ஆறுதலைப் பிடுங்கிவிட்டு ஒரு விரிசல் விட்ட பொம்மையைக் கொடுத்திருக்கிறேன். சரியா செய்தேன், தப்பா செய்தேன்? உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் நீயும் "வீட்டுக்கு வா, சொல்றேன்" என்பாயோ?

குட்டு உடைந்துவிட்டது அக்கா. குட்டுத்தான் விழவில்லை. அதற்காகத் தலையைக் காட்டிக்கொண்டே திரிகிறேன்.

ஒரு வாக்கு தருகிறேன். இந்த ஜோடி உன்னுடையது. என்றாவது அது என்னோடு வேறு வீட்டுக்கு வந்தாலும், அங்கே உன் பெயரில்தான் மணையில் உட்காரும். வருஷா வருஷம் எண்ணெய் போட்டு, என் எருமைத் தையலில் பாவாடை தைத்து, முடிந்ததும் இரண்டு பேரையும் சேர்த்துப் படுக்க வைப்பேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று நீ கேட்காமலே சொல்லிவிடுவேன்.

இந்த வருஷம்: பெரிய டிரங்குப் பெட்டி, இடது மூலை, உன் மிச்சத் தாவணிக்குள். பூட்டவில்லை.

மூன்று நாளும் சொல்லாத உன் தங்கை,
மாலா