உம்மாவோடு கிளினிக்குக்குப் போன கதை

கரைத்தீவு, புத்தளம்
12.09.2012

அன்பு மகன் நஜாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம், கட்டார் வெயிலில் உன் உடம்பு எப்படி என்பதுதான் எங்கள் யோசனை. உன் மனைவி பஸீனா சுகம், நீ இன்னும் காணாத உன் பிள்ளைக்குப் பல் முளைத்து எல்லாவற்றையும் கடிக்கிறான். நேரங்கெட்ட மழையில் உப்பளத்தில் விளைந்த உப்பு கரைந்து போனது, எனக்கும் முன்னைப் போல வேலை செய்ய ஏலாது. இதையெல்லாம் போனில் சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் இதை உறையில் போட்டு ஒட்டி, உங்கள் கம்பனிக்கு வரும் ஹிஸ்புல்லாவிடம் கொடுத்துவிடுகிறேன், தனியே இருந்து வாசி.

நோன்புக்கு முன் பள்ளிவாசலில் இரத்த தானம் நடந்தது, நானும் கொடுத்தேன். பிறகு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனால், டொக்டர் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் இரத்தத்தில் சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருக்கிறது, பழையது, எப்போது வந்திருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியும். தொண்ணூறில் நம் ஊர் எருக்கலம்பிட்டியிலிருந்து இயக்கத்தால் துரத்தப்பட்டு வந்து, சின்னப் பிள்ளையான உன்னையும் உம்மாவையும் முகாம் கொட்டிலில் விட்டுவிட்டு, கொழும்பில் மூட்டை சுமந்த காலம். ஒரே அறையில் பதினொரு ஆண்கள். மற்றவர்கள் போன இடத்துக்கு நானும் போனேன். வந்த புண் தானாக ஆறியது, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன், முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மனைவியையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு கிழமை சொல்லாமல் திரிந்தேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவாறு சொல்லிவிட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு எழும்பி உள்ளே போனாள். மறுநாள் காலை அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, முன்னால் போய் இருந்தாள். அவளுக்கும் அந்த நோய் இருந்தது, மகன். முகாமில் இறந்து பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவள் சொன்னபோது, இந்த நோயால்கூட இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அந்த நாளில் சனங்கள் அவளுடைய உடம்பைத்தான் குறை சொன்னார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். "அப்ப அது என்ட பிழை இல்லையா டொக்டர்?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் அதை மனதில் வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மூன்று கிழமை ஊசி போட்டார்கள், இரண்டு பேருக்கும் முடிந்தது. முகாமில் பிறந்த உன் தங்கச்சி மர்ஷூதாவையும் சோதித்தோம், ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். நீ அதற்கு முன்பே பிறந்தவன். கடைசி ஊசி போட்டுவிட்டு வரும்போது உம்மா, "மகனுக்கு நீங்களே எழுதுங்க, அவனும் அங்க தனியத்தானே கிடக்கிறான்" என்றாள்.

உன்னைச் சந்தேகித்து எழுதவில்லை. வீட்டை விட்டு வந்த ஆண்கள் நெருங்கிக் கிடக்கும் அறை எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஏதாவது நடந்திருந்தால், கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போகுமே என்று என்னைப் போல மறைத்து வைக்காதே. லீவில் வந்ததும், பஸீனாவோடு சேர முன் என்னிடம் ஒரு சொல் சொல். நான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், திட்டமாட்டேன், திட்ட எனக்கு வாயுமில்லை.

அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. தொழுகையை விடாதே, வாசித்ததும் கிழித்துவிடு. உம்மா உனக்கு ஸலாம் சொன்னாள். என்னோடு இன்னும் அளவாகத்தான் கதைக்கிறாள், அவளுக்காக துஆ செய்.

உன் வாப்பா,
ஹயாத்து முகம்மது