சண்முகத்தாய் என்னைக் கூப்பிட்டாள்

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

செபமாலை மாதா திருநாள். காலைப் பூசை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். மடவார் வளாகம் தாண்டுவதற்குள் ராஜபாளையத்திலிருந்து நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி போன். இந்த வாரம் முழுக்க இரண்டு பேர் லீவு. நர்சிங் சூப்பர்வைசர் என்றால் பாதி வேலை ஆள் பிடிப்பதுதான்.

மத்தியானம் மேனேஜர் ரத்தினம் சார் கூப்பிட்டார். ஜனவரியிலிருந்து நர்சிங் சூப்பிரண்டெண்ட் நான்தானாம். "இருபத்திரண்டு வருசத்துல ஒங்க மேல ஒரு கம்ப்ளெய்ண்ட் உண்டா சிஸ்டர்?"

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கும் நான்தான் தலைவி. ஞாயிற்றுக்கிழமை மாதா பவனிக்கு வேன் பிடிக்கிற வேலையும் என் தலையில்.

அக்டோபர் 9, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆண்கள் வார்டில் பால்ச்சாமி, சோழபுரத்து விவசாயி. சர்க்கரை, காலில் புண். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் பதினாறு யூனிட். ஊசியில் ஏற்றியதை இன்னொரு நர்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போட வேண்டும், அது விதி. வார்டில் நர்ஸ் சண்முகத்தாய் மட்டும். இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், செத்த வந்து பாத்துட்டுப் போங்க. புது பாட்டில் வந்திருக்கு. சந்தேகமா இருக்கு."

இன்னொரு காதில் வேன்காரன். "பதினாறுதானே, போடும்மா. நான் பொறவு வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

புது பாட்டில் மில்லிக்கு நூறு யூனிட் வகை. வார்டில் இருந்த ஊசி நாற்பது வகைக்கானது. அதில் பதினாறு என்று ஏற்றினால் உள்ளே போவது நாற்பது. போனது.

வீட்டுச் சாப்பாடு வருகிற பஸ்ஸும் அன்றைக்கென்று லேட். இரண்டு மணிக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்துக் கொட்டி வலிப்பு. குளுக்கோஸ் ஏற்றி ஐ.சி.யூ.வுக்குத் தூக்கினோம். அவர் மனைவி மாரியாத்தாள் டிபன் கேரியரோடு வாசலில் நின்றாள். "சோத்தோட வாரதுக்குள்ள என்னம்மா ஆச்சு?" அவள் கையைப் பிடித்துச் செபம் சொன்னேன். வேறென்ன சொல்ல?

ரெஜிஸ்டரில் இரண்டாவது கையெழுத்துக் கட்டம் காலி.

அக்டோபர் 10, வெள்ளி

பால்ச்சாமி கண் திறந்தார். மனைவி பேரைச் சொன்னார். கடவுளே, நன்றி.

விசாரணை அறிக்கையை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். "சண்முகத்தாய் ரெண்டாவது ஆளைக் கூப்பிடல, அதானே சிஸ்டர்?" என்றார் ரத்தினம் சார். "ம்" என்றேன். அம்புட்டுதான். ஒரே எழுத்து.

அக்டோபர் 11, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். "இரண்டாவது செவிலியரின் கையெழுத்து பெறப்படவில்லை." இதில் பொய் ஏது? — இல்லையா?

வெளியே சண்முகத்தாய் காத்திருந்தாள். கூமாப்பட்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை.

"நீங்க போடச் சொன்னத நான் யார்ட்டயும் சொல்லல சிஸ்டர். நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

"பாப்போம்" என்றேன். என்னத்தைப் பார்க்க?

அக்டோபர் 12, ஞாயிறு

பவனி நன்றாக நடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

சண்முகத்தாயை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தீபாவளி கழிந்ததும் நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப் போகிறார்களாம். பதிவு ரத்தானால் அவளுக்கு எந்த ஊரிலும் வேலை கிடையாது.

அக்டோபர் 18, சனி

பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "வேலையில கவனக்குறைவா இருந்தேன், சாமி." வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவதில் பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. அங்கேயும் போயி ஒரு அறிக்கைதானே கொடுத்துட்டு வந்திருக்கேன்!

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவத்தை மறைத்த வாயால் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டி.வி.யை அணைத்தார். பிறகு, "சொல்லாத. ஒன் பேரு என்னத்துக்கு ஆகும்? அவ எங்கயாவது பொழச்சிக்கிடுவா" என்றார். பத்து நாளாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது அதுதான், ஒரு சொல் மாறாமல். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது என்ன பேச்சென்று தெரிந்தது.

அக்டோபர் 22, புதன்

புது அறிக்கையை எடுத்துக்கொண்டு ரத்தினம் சார் அறைக்குப் போனேன். நாலே வரி. சண்முகத்தாய் என்னைக் கூப்பிட்டாள். சந்தேகம் என்றும் சொன்னாள். நான் போகவில்லை. போடச் சொன்னது நான்.

இரண்டு தடவை படித்தார். "எதுக்கு சிஸ்டர் இது? ஆளு பொழச்சாச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அவளுக்கு முடியல சார்."

"ஒங்க கோயில் விசயத்த எல்லாம் ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வராதிய."

"கொண்டு வந்ததாலதான் சார் இப்படி ஆச்சு. அவ கூப்பிடையில நான் பவனிக்கு வேன் பேசிக்கிட்டு இருந்தேன்."

ஒரு நகலைப் பெரிய டாக்டர் மேசையிலும் வைத்துவிட்டு பால்ச்சாமி கட்டிலுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மாரியாத்தாளிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என் கையப் பிடிச்சு செபம் பண்ணுனியளே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 23, வியாழன்

யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். சண்முகத்தாய்க்கு எச்சரிக்கை மட்டும், ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வரலாம். கவுன்சிலுக்குப் போகிற புகார்க் கடிதம் என் மேல். சூப்பர்வைசர் வேலை போய்விட்டது, இனி வார்டு நர்ஸ். "வேற ஆஸ்பத்திரி பார்க்கணும்னாலும் பாருங்க" என்றார். இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சாயங்காலம் பங்குச்சாமியாரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. அன்பியத் தலைவி பொறுப்பை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 3, திங்கள்

என்னையும் ஆண்கள் வார்டிலேயே போட்டிருக்கிறார்கள், சண்முகத்தாயோடு. மருந்து அலமாரி பக்கம் போய் மன்னிப்புக் கேட்டேன். சார்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழுகை வந்தது. அவ என்ன சொல்லணும்னு எதிர்பாத்தேன்? பரவாயில்ல சிஸ்டர்னா? எம்புட்டு ஆசை எனக்கு!

நவம்பர் 12, புதன்

ஓய்வறையில் நான் நுழைந்ததும் மற்றவர்கள் டிபனை மூடிக்கொண்டு எழுந்தார்கள். டிபனைத் தனியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

வார்டில் நல்ல கூட்டம். காய்ச்சல் கேஸாக வந்துகொண்டிருக்கிறது. பதினொரு மணி இருக்கும். சண்முகத்தாய் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "ஏழாம் பெட்டுக்கு டிரிப் முடியப் போகுது. பாருங்க" என்றாள்.

சிஸ்டர் என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம்தான் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். கொஞ்சம் மீதி இருந்தது. முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன்.