காத்துல வர்ற படத்துக்கு நாலணா

சிரஞ்சீவி வேலாயுதத்துக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தேவகி எழுதறது. ஏகாம்பரநாதர் புண்ணியத்துல இங்க எல்லாரும் இருக்கறோம். பிலாய்ல நீ சொகமான்னு மொதல்ல கேக்கணும், இப்ப இருக்கற கோவத்துல அதக் கடைசியா கேக்கறேன்.

நீ அனுப்பன டி.வி. பொட்டிக்குக் கம்பம் நட்டது யாருன்னு தெரியுமா? எதிர்வூட்டு அப்பாதுரை. ஓட்டு மேல ஏறி கம்பிய மெட்ராஸ் பக்கம் திருப்பிக்கினு தெரியுதா தெரியுதான்னு கத்தறான், கீழ தெருவே நின்னுக்கினு புள்ளி புள்ளியா இருக்குதுன்னு கத்துது. அவன் மிதிச்சி ஒடஞ்ச ஓட்டுக்குக் கீழ உங்கம்மா இன்னும் குண்டான் வெச்சிக்கினு இருக்கறா, அது வேற கத. படம் தெரிஞ்சதும் அவன் சம்சாரம் ஜெயம்மாள் கொழந்த மாதிரி கைதட்டிச்சி. போன மாசம் நான் ஐயம்பேட்ட அத்த வூட்டுல எட்டு நாள் தங்கிட்டு வந்து பாக்கறேன், நம்ம வாசல்ல சாக்குப் படுதா, ஞாயித்துக்கெழம படத்துக்குத் தலைக்கு நாலணாவாம். ஜெயம்மாள்கிட்டயே காசுக்குக் கை நீட்டியிருக்கறான் உன் தம்பி உமாபதி. நாங்க நட்ட கம்பத்துக்கு எங்களுக்கே டிக்கெட்டாப்பான்னு கேட்டுட்டுப் போயிடுச்சாம். அவன அடிக்கப் போனா, அண்ணந்தான் வாங்கச் சொல்லிச்சி, போஸ்டாபீஸ்ல டி.வி.க்கு லைசென்ஸ் பணம் கட்டறோமில்லன்னு உன் காயிதத்த நீட்டறான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே அவன் பேருக்கு எழுதன? ஓரிக்கை ரோட்டு சினிமா கொட்டாய்க்காரன் காசு வாங்கறான்னா, பஸ்ஸுல படப்பொட்டி கொண்டாந்து, எஞ்சின் ஓட்டி, மணல் கொட்டி வெக்கறான், ஞாயம். இது மெட்ராஸ்லேர்ந்து சும்மா வருது, காத்து சும்மா கொண்டாருது, நடுவுல நீ யார்றா சாக்கு கட்ட? (திட்டனதுல பாதிய தேவகி எழுத மாட்டேங்கறா.)

சாக்க அன்னிக்கே கிழிச்சிட்டேன். மறுநாள் காலையில தெருவுல தறிக்குப் பட்டு நூல நீட்டிப் பாவு போட்டோம், நாப்பது முழம். பாவுக்கு எந்தக் காலத்துல ஆள் கூப்பிட்டோம்? குச்சி நடற சத்தம் கேட்டா ஆளுக்கொரு பக்கம் வந்து புடிப்பாங்க, அவுங்க பாவுக்கு நாம போவோம், கூலின்னு ஒரு பேச்சு உண்டா? அன்னிக்கி ஒரு கதவு தொறக்கல. மழ புடிச்சிக்கிச்சி. முனைக்கு ஒருத்தரா நானும் உங்கம்மாவும், நடுவுல உமாபதி ஓடறான், சுருட்டறதுக்குள்ள அரக்குப் பட்டு மொத்தமும் சேத்துல. ஜெயம்மாள் ஜன்னல்ல நின்னு பாத்துக்கினு இருந்துச்சி. அழுதுக்கினுதான் இருந்துச்சி, ஆனா வரல. ஞாயித்துக்கெழம பொட்டிய வாசலுக்கே இழுத்து வெச்சி, சும்மா பாக்கலாம் வாங்கன்னு நானே கூவனேன். ஒருத்தர் வரல. நானும் உங்கம்மாவும் மட்டும் ஒக்காந்து பாத்தோம், பொட்டிக்குள்ள யாரோ சிரிச்சாங்க, எதுக்குன்னு எங்களுக்குப் புரியல.

நீ பொங்கலுக்கு வர்ற. அடுத்த பாவு தயாரா இருக்குது, நீ வர்ற வரைக்கும் தெருவுல எடுக்க மாட்டேன். பஸ் எறங்கி நேரா நம்ம வூட்டுக்கு வராத. மொதல்ல ஜெயம்மாள் வூட்டுக்குப் போ, தப்பு என்னுதுதான்னு உன் வாயால சொல்லு. அது தண்ணி குடுத்தா குடிச்சிட்டு அப்புறம் நம்ம வாசப்படி ஏறு. காமாட்சி உன்ன நல்லா வெக்கட்டும். அங்க பனி ஜாஸ்தின்னு சொல்றாங்க, காதுக்குத் துணி கட்டிக்கினு போ.

இப்ப கேக்கறேன், நல்லா இருக்கறியாப்பா?

உன் மேல கோவமா இருக்கற அப்பா,
மாணிக்கவாசகம், கைநாட்டு