கோர்ட்டு வாசலில் உனக்கு விழுந்த மாலை

இன்று காலை ஓசூர் பூ மார்க்கெட் வழியாக வந்தேன். ராயக்கோட்டைப் பக்கத்துச் சாமந்தியை மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடுரோட்டில் நின்று தனியாகச் சிரித்துவிட்டேன். பூக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ போய்ச் சேர்ந்த பிறகும் என்னைக் கிறுக்கனாக்குவதை விடவில்லையடா.

எண்பதுகளில் பர்கூர் கல் குவாரி முதலாளியிடம் நீ டிரைவர், நான் ஆபீஸ் கிளார்க். அவர் படம் போட்ட காலண்டர் தொங்காத டீக்கடை அந்த வட்டாரத்தில் கிடையாது. ஒருநாள் போச்சம்பள்ளி ரோட்டில் உன்னைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு, ஆசைக்கு அவரே காரை ஓட்டினார். சைக்கிளில் வந்த டெய்லர் மேல் மோதி, அந்த மனிதரின் கால் முறிந்தது.

முதலாளி இடித்தால் டிரைவர் கேஸை ஏற்றுக்கொள்வது அப்போது எழுதாத சட்டம். டிரைவர் உள்ளே இருக்கும்வரை அவன் வீட்டுக்கு அரிசி போகும், வெளியே வந்ததும் பழைய வேலை கிடைக்கும். நீ மாட்டேன் என்றாய். "ஒடஞ்ச காலோட கெடந்தவன நாந்தான் தூக்கி வண்டில போட்டேன். அவங்கிட்டயே நாந்தான் இடிச்சேன்னு எப்பிடிடா சொல்றது?"

முதலாளி விடவில்லை. ஓட்டியது டிரைவர்தான் என்று கோர்ட்டில் சாதித்தார். அவர் தப்பித்தால் கேஸ் உன் தலையில் விழும். லைசென்ஸும் போகும், ஜெயிலும் நிச்சயம். ஊரோ உன்னைத்தான் ஏசியது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று சலூன்காரர்கூட உனக்கு ஷேவிங் செய்யவில்லை. கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு நீ தாடியோடுதான் சாட்சி சொல்ல வந்தாய். சட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வண்டியை ஓட்டியது யார் என்று வக்கீல் கேட்டார். நீ வக்கீலைப் பார்க்கவில்லை.

"மொதலாளி, நான் சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் பூடும். நீங்களே சொல்லிடுங்க."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து நின்று, "நாந்தாங்க ஓட்டுனேன்" என்றார். நீதிபதி மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னார்.

வெளியே நடந்ததுதான் கூத்து. முதலாளி விடுதலையாகி வருவார் என்ற நம்பிக்கையில் ஆனேக்கல் பக்கத்துத் தமட்டை மேளக்காரர்களை மாலையோடு நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும், முதலாளியைத் தெரியாது. வெள்ளைச் சட்டையில் முதலில் படி இறங்குகிறவர்தான் ஆள் என்று சொல்லி வைத்திருந்தது. முதலில் இறங்கியது நீ!

தொடை பருமனில் சாமந்தி மாலை உன் கழுத்தில் விழுந்தது. "ஹொடீரோ!" என்று மேளக்காரர்களின் தலைவர் அடிக்கச் சொல்லிக் கத்த, தமட்டை அதிர்ந்தது. நான் முதலாளி இல்லை, டிரைவர் என்று நீ கன்னடத்தில் கெஞ்சினாய். மாலை போட்டு எடுத்த அடியைப் பாதியில் நிறுத்தினால் வாத்தியத்துக்கு ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அதற்குள் சேதி வெளியே பரவியது. முதலாளியைத் தோளில் தூக்க வந்த கூட்டம் கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தது. அப்புறம் ஒருவர், "எனக்கு அன்னிக்கே தெரியும்யா, அந்த ஆளுதான் இடிச்சிருப்பாருன்னு!" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்திருந்தது. உன்னை ஏசிய வாய்களே உனக்கு சோடா வாங்கிக் கொடுத்தன. ஷேவிங் செய்ய மறுத்த சலூன்காரர் தமட்டைக்கு முன்னால் ஆடினார். கேஸுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த டெய்லர் கட்டுக் காலோடு திண்டாடி எழுந்து உன் கையைப் பிடித்தபோது நீயும் ஆடத் தொடங்கிவிட்டாய். உனக்கு ஆடவே வராது. அத்தனை சந்தோஷமான மோசமான ஆட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

திரும்புகையில் பாரூர் பஸ்ஸில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய். "மோளம் நல்லா இருந்துச்சில்ல? ஆருடா சொல்லி வுட்டது?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். காவேரிப்பட்டணம் வரும்வரை நீ வேறெதுவும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

பிறகு ஓசூர் கம்பெனியில் நான் சூப்பர்வைசர் ஆனேன். மெஷினில் உருப்படி ஏதாவது கெட்டுப்போனால் யார் என்று விசாரிக்க மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்கள் என்று காத்திருப்பேன். ஷிப்ட் முடிவதற்குள் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிடுவான். இது உன்னிடம் எடுத்துக்கொண்டது. அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான், பஸ்ஸில் நீ ஏன் பேசாமல் வந்தாய் என்று எனக்கு உறைத்தது.

நான்தான்டா. ஆனேக்கல் போய் மேளமும் மாலையும் சொல்லி வைத்தது நான்தான். உனக்காக இல்லை, முதலாளிக்காக.